சாப்பாட்டு அறையின் இரண்டாவது கதவு

இங்கிலாந்தில் தார்ன்மியர் ஹால் என்று ஒரு வீடு இருக்கிறதாம். கட்டி முன்னூறு வருஷம் ஆகிறது. வீடு என்று சொல்கிறேனே தவிர, எங்கள் தெருவையே தூக்கி உள்ளே வைத்தாலும் இன்னும் இடம் மிச்சமிருக்கும். நாற்பத்திரண்டு அறை. மூன்று மாடி, மாடிக்கு ஒன்பதாக முகப்பில் வரிசை. நடுவில் வாசல் போக இருபத்தாறு ஜன்னல். கூரையில் பன்னிரண்டு புகைக்கூண்டு. இத்தனை ஜன்னலையும் யார் துடைப்பது? கட்டினவனுக்கு அந்தக் கவலை இருந்திருக்காது. துடைக்கிறவள் வேறு ஆள்.

அந்த வீட்டை நான் அட்டையில் கட்டினேன். என் பெயர் கற்பகவல்லி. திருத்தங்கலில் முகம்மது ரியாஸ் தம்பியின் ஆப்செட் பிரஸ்ஸில் சாம்பிள் போடுகிறவள். எந்தப் பெட்டியாக இருந்தாலும் முதல் பெட்டியைக் கையால்தான் வெட்டி, மடித்து, ஒட்டி அனுப்புவோம். கஸ்டமர் அதைப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மிஷின் ஓடும். முறுக்குப் பெட்டி, மத்தாப்புப் பெட்டி, சேலைப் பெட்டி என்று எட்டு வருஷமாக நான் போடாத சாம்பிள் இல்லை. வீடு மட்டும் அதுவரை போட்டதில்லை.

அந்த வீட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அங்கேயே ஒரு கடை இருக்கிறதாம். அந்தக் கடையில் விற்பதற்காக, பிள்ளைகள் வெட்டி ஒட்டி விளையாட ஓர் அட்டை வீடு கேட்டிருந்தார்கள். முகப்பை அலமாரிக் கதவு மாதிரி திறந்தால் உள்ளே அறைகள் தெரிய வேண்டும். இருபதாயிரம் செட் ஆர்டர். மூன்று பிரஸ்ஸிடம் சாம்பிள் கேட்டிருந்தார்கள். "இது மட்டும் நமக்குக் கெடச்சா வருசா வருசம் வரும்க்கா. காலண்டர் சீசன மட்டும் நம்பிக் கெடக்க வேணாம்" என்று ரியாஸ் தம்பி ஒரு நாளைக்கு நாலு தடவை சொன்னார்.

கம்ப்யூட்டர் வேலை ஹஸ்னாவுடையது. ரியாஸ் தம்பிக்குச் சின்னம்மா மகள். அங்கிருந்து வந்த பைலைச் சுத்தம் செய்து, எங்கே வெட்டு, எங்கே மடிப்பு என்று கோடு போட்டுக் கொடுப்பாள். சுத்தத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. படத்தில் ஒரு தூசி, ஒரு முடியளவு கீறல் நின்றாலும் கண்டுபிடித்து அழித்துவிடுவாள். ஒரு கோடு தப்பாக விழுந்ததற்காக லோடு முழுவதும் திரும்பி வந்த கதை இந்த ஊரில் எல்லா பிரஸ்ஸுக்கும் உண்டு. அதனால் அவள் அழிக்கிறதை யாரும் குறை சொன்னதில்லை.

நான் கட்ட ஆரம்பித்தேன். வெள்ளைக்காரன் வீட்டில் எல்லாம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இடது பக்கம் ஒரு ஜன்னல் என்றால் வலது பக்கமும் ஒன்று. வலது கோடியில் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் அறையே இல்லை, செங்கல் சுவர்தான். வெளியிலிருந்து பார்ப்பவனுக்குக் கணக்குச் சரியாக இருக்க வேண்டுமே என்று கறுப்புச் சாயம் பூசி ஜன்னல் மாதிரி வைத்திருக்கிறார்கள். அடேயப்பா, சுவருக்கே வேஷம்.

படிக்கட்டும் இரண்டு. முன்கூடத்தில் ஒன்று, பத்துப் பேர் கை கோத்து ஏறலாம். பின்னால் ஒன்று, ஒரு ஆள் தோள் உரசாமல் ஏற முடியாது. அது வேலைக்காரர்களுக்கு. சமையல் வாசம் வரக் கூடாது என்று சமையல்கட்டைப் பூமிக்கு அடியில், வீட்டின் கடைக்கோடியில் வைத்துவிட்டார்கள். அங்கே சமைத்ததைத் தட்டில் ஏந்திக்கொண்டு இருபத்திரண்டு படி ஏறி வர வேண்டும். சாப்பாடு மட்டும் தெரிய வேண்டும், கொண்டு வருகிறவள் தெரியக் கூடாது. அவளுக்கென்று சுவருக்குள்ளேயே வழி. நல்லா இருக்கிறது நியாயம்!

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த அறைக்குள் போனாலும் முதலில் கதவை எண்ணுவேன். ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், பேங்க், எதுவானாலும் சரி. எத்தனை கதவு, எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். பட்டாசுக் கம்பெனியில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவளுக்கு வேறென்ன பழக்கம் வரும்? அங்கே ரூம் என்றால் சின்னதாக இருக்கும். நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, ஒன்றுக்கு மேல் கதவு இருக்க வேண்டும், எல்லாக் கதவும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். ஏதாவது ஆனால் தள்ளிக்கொண்டு ஓடலாம்.

பிரஸ்ஸிலும் எண்ணினேன். முன்கதவு ஒன்று, பின்கதவு ஒன்று. ஆனால் பின்கதவை நான் திறந்து பார்த்ததே இல்லை. அதை மறைத்து எப்போதும் அட்டைக் கட்டுகளும் காலண்டர் கட்டுகளும் ஆள் உயரத்துக்கு நிற்கும். நான் என் ஸ்டூலை முன்கதவைப் பார்க்கப் போட்டுக்கொண்டேன். கட்டுகளை எடுக்கச் சொல்லி ஒரு நாளும் யாரிடமும் சொன்னதில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நானும் என் வீட்டுக்காரர் ஜெயபாண்டியும் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் பட்டாசுக்குள் மருந்து செலுத்துகிற ரூமில், நான் பேக்கிங் ஷெட்டில். தீபாவளிக்கு ஒன்றரை மாதம். சீசன் என்றால் அங்கே மூச்சுவிட நேரம் இருக்காது. அன்றைக்கு ஏதோ ஒரு பிரஸ்ஸிலிருந்து பெட்டி அட்டைக் கட்டுகள் வந்து இறங்கின. பேக்கிங் ஷெட்டில் இடம் இல்லை. "அந்த ரூம் பின்னாடி அடுக்கு, ஒரு மணி நேரந்தான், எடுத்துரலாம்" என்றார் போர்மேன். என் வீட்டுக்காரர் இருந்த ரூமின் பின்கதவை ஒட்டி வெளியே அடுக்க வேண்டும். தப்பு என்று எனக்குத் தெரியும். கம்பெனிக்குள் காலெடுத்து வைத்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதைத்தான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அடுக்கினேன். நான்தான் அடுக்கினேன், என் கையால். உள்ளே இருந்து அவர் குரல் கேட்டது.

"என்னடி, என்னையப் பூட்டி வைக்கப் போறியா?"

"ஆமா, ஓடிப் போயிராம இருக்க" என்றேன். அவர் சிரித்தார். அவ்வளவுதான் நாங்கள் பேசியது.

அரை மணி நேரம் கழித்துச் சத்தம் கேட்டது. முன்கதவுப் பக்கம்தான் தீ முதலில் பிடித்ததாம். அவர் வெளியே வரவே இல்லை. பின்பக்கம் தீ வருவதற்குள் கொஞ்ச நேரம் இருந்திருக்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்தை நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். கட்டுகள் எல்லாம் எரிந்து சாம்பலாகிவிட்டன. அங்கே கட்டுகள் இருந்ததே யாருக்கும் தெரியவில்லை. போர்மேனும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. விசாரணைக்கு வந்தவர்கள் என்னிடமும் கேட்டார்கள். "தெரியாதுய்யா" என்றேன். அழுகிற பொம்பளையை அதற்கு மேல் யார் கேட்பார்கள்?

பிறகு ஊரை விட்டுத் திருத்தங்கல் வந்தேன். பிள்ளைகுட்டி இல்லை. வாடகைக்கு ஒரு அறை. அதற்கு ஒரே கதவு. அதனால் வீட்டிலிருக்கும் நேரமெல்லாம் திறந்தே போட்டிருப்பேன், தெரு நாய் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ஞாயிற்றுக்கிழமை பிரஸ் லீவு. அன்றைக்கு நான் பேச ஆள் கிடையாது. திங்கட்கிழமை காலையில் முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கரகரக்கும். "சளியாக்கா?" என்று ஹஸ்னா கேட்பாள். "ஆமா" என்பேன்.

அட்டை வீட்டுக் கதைக்கு வருகிறேன். சாம்பிள் போக வேண்டிய நாள் அது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூரியர்காரன் வருவான். மத்தியானம் மூன்று மணி இருக்கும், வேலைக்காரர்களின் பின்படிக்கட்டை மடித்து அதன் இடத்தில் ஒட்டினேன். கீழே சமையல்கட்டிலிருந்து கிளம்பி, இருபத்திரண்டு படி ஏறி, ஒரு சின்ன மேடையில் போய் நின்றது. மேடைக்கு எதிரே சாப்பாட்டு அறையின் சுவர். பச்சை நிறத்தில் பூப்போட்ட காகிதம் ஒட்டிய சுவர். அதில் கதவு இல்லை.

நான் சாப்பாட்டு அறையைத் திருப்பிப் பார்த்தேன். முன்கூடத்துப் பக்கம் ஒரு கதவு. அவ்வளவுதான். ஒரே கதவு.  அட்டை அறைதான், அதில் உட்கார யாரும் இல்லை, எல்லாம் தெரியும். ஆனாலும் அதைத் தூக்கிக்கொண்டு ஹஸ்னாவின் மேஜைக்குப் போனேன்.

"ஹஸ்னா, இந்தச் சுவத்துல கதவு இருக்கணுமே பிள்ள?"

அவள் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தாள். "பைல்ல இல்லியேக்கா. வெறும் வால்பேப்பர்தான்."

ரியாஸ் தம்பியிடம் போனேன். அவர் காலண்டர் ஆர்டருக்காக யாரிடமோ போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை நின்றேன்.

"தம்பி, அந்த வீட்டுல ஒரு கதவு கொறையுது."

"என்னக்கா சொல்றீக? பைல்ல இருக்கிறதத்தானே நாம போடுறோம்."

"படி ஏறி வந்து சுவத்துல முட்டுது. சோத்தத் தூக்கிட்டு வர்றவ எங்கன போவா? ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க."

"அக்கா, அது வெள்ளக்காரன் வீடு. என்னத்தையாவது கட்டிருப்பான். இதப் போயிக் கேட்டா, இவங்களுக்கு ஒரு படம் பாக்கத் தெரியலன்னு நினைப்பாக. மூணு பிரஸ்ஸு போட்டி போடுது. பேக் பண்ணுங்க, மணி ஆகுது."

நான் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். சொல்லியாகிவிட்டது, இனி என் பொறுப்பு இல்லை என்று இருந்துவிடலாம். அன்றைக்கும் போர்மேன்தானே சொன்னார், என் பொறுப்பு என்ன என்று ஒன்பது வருஷமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒரு நாள்கூட அது என்னைத் தூங்க விடவில்லை. சுவரைப் பார்த்தேன். படிக்கட்டைப் பார்த்தேன். தட்டை ஏந்திக்கொண்டு ஒருத்தி அந்த மேடையில் நிற்கிற மாதிரியே இருந்தது. போடி, ஆனது ஆகட்டும் என்று கட்டரை எடுத்தேன்.

மூன்று வெட்டு. நாலாவது பக்கம் மடிப்பு. பச்சைச் சுவரில் ஒரு கதவு வந்துவிட்டது. படிக்கட்டுப் பக்கமாக, வெளியே திறக்கிற மாதிரி மடித்தேன். யோசித்து மடிக்கவில்லை. என் கைக்குத் தெரிந்தது அந்த ஒரு பக்கம்தான்.

மூடி மறைத்து அனுப்ப எனக்கு மனசில்லை. கூரியர்காரன் வாசலில் வண்டியை நிறுத்தும்போது ரியாஸ் தம்பியிடம் போய்ச் சொன்னேன். "கதவ நானே வெட்டிட்டேன், தம்பி."

அவர் முகம் சிவந்துவிட்டது. "கஸ்டமர் படத்துல கை வைக்கலாமாக்கா? எட்டு வருசமா இருக்கீக, இதுகூடவா தெரியாது? இனி வேற சாம்பிள் போட எங்க நேரம் இருக்கு?"

"இல்லதான்."

"ஆர்டர் போச்சுன்னா?"

"என்னைய நிப்பாட்டிருங்க."

 அவர் பெட்டியைக் கூரியர்காரனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள். பிரஸ்ஸுக்குள்ளும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது என்று வையுங்கள். ரியாஸ் தம்பி என்னை அக்கா என்று கூப்பிடவில்லை, ஹஸ்னா மூலமாகத்தான் வேலை சொன்னார். ஹஸ்னாவும் பாவம், மத்தியானச் சோற்றை அண்ணனுக்குப் பயந்து என்னோடு உட்காராமல் தன் மேஜையிலேயே சாப்பிட்டாள். நான் முன்கதவைப் பார்த்து உட்கார்ந்து, மிக்சர் பெட்டி சாம்பிளாக மடித்துத் தள்ளினேன். வேலை போனால் எங்கே போவது என்று யோசித்தேன். பட்டாசுக்குத் திரும்ப மாட்டேன். ஆலங்குளம் பக்கம் அண்ணன் இருக்கிறான், நான் பேசி நாலு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், அந்தக் கதவை வெட்டியதற்காக ஒரு நிமிஷம்கூட நான் வருத்தப்படவில்லை.

பத்தாம் நாள் மத்தியானம் இங்கிலாந்திலிருந்து வீடியோவில் வந்தார்கள். ஹெலன் என்று ஓர் அம்மா. நரைத்த தலை, கழுத்தில் கண்ணாடி தொங்கியது. அட்டை வீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் வேகமாகப் பேசினார். ரியாஸ் தம்பி முதலில் விறைப்பாக நின்றார். பிறகு வாய் லேசாகத் திறந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, இங்கன வாங்க. கதவு இருக்காம்."

அந்த அம்மா போட்டோ காட்டினார். முதல் படத்தில் வெறும் பச்சைச் சுவர். அடுத்த படத்தில் அதே சுவர் திறந்திருந்தது, உள்ளே இருட்டாகப் படிக்கட்டு. நிலை கிடையாது, கைப்பிடி கிடையாது. கதவின் மேலும் அதே பூப்போட்ட காகிதத்தை ஒட்டி, மூடினால் சுவர் மாதிரியே தெரியும்படி அந்தக் காலத்தில் செய்திருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய பைலில் மெல்லிசாக ஒரு கோடு போட்டிருந்தார்களாம். சாம்பிளுக்கு முன்னால் நாங்கள் திருப்பி அனுப்பிய படத்தில் அந்தக் கோட்டைக் காணவில்லை என்று பயந்து, சாம்பிளில் என்ன வருகிறது பார்ப்போம் என்று காத்திருந்தார்களாம். மற்ற இரண்டு பிரஸ் சாம்பிளிலும் அங்கே வெறும் சுவர்தானாம். எங்கள் பெட்டியைத் திறந்தால் கதவு இருக்கிறது.

ஹஸ்னா வாயில் கை வைத்தாள்.

"அல்லாவே! நான்தான்ணே. கீறல் விழுந்திருக்குன்னு நான்தான் அழிச்சேன். மறந்தே போச்சு. நான்தான்க்கா."

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள்! பிழை செய்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, கேட்ட மாத்திரத்தில் நான்தான் என்று அந்தப் பிள்ளை சொல்லிவிட்டாள். யாரும் அவளை அடிக்கவில்லை. ரியாஸ் தம்பி, "சரி, விடு" என்றார். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், பொறாமைதான்.

ஹெலன் இன்னும் பேசினார். அந்த வீட்டில் கடைசியாக இருந்தது ஒரு கிழவியாம். வேலைக்காரர் எல்லாம் போன பிறகு, நாற்பத்திரண்டு அறையில் ஒரே ஒரு அறையில் தனியாக இருபது வருஷம் இருந்தாராம். அந்தப் பச்சைக் கதவை மட்டும் கடைசிவரை சாத்த விடவில்லையாம். யார் வருவார்கள் என்று திறந்து வைத்திருந்தார் என்று யாருக்கும் தெரியாதாம். எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பேச்சு முடிந்தது. ஆர்டர் எங்களுக்குத்தான். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். கதவு படிக்கட்டுப் பக்கம் திறக்கக் கூடாது, அறைக்கு உள்பக்கம் திறக்க வேண்டும். இரண்டு கையிலும் தட்டு இருக்கும், ஏறி வருகிறவள் முதுகால் தள்ளிக்கொண்டு உள்ளே வருவாளாம்.

ரியாஸ் தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒன்பது நாள் கூப்பிடாத அக்காவையும் சேர்த்து ஒரே மூச்சில் கூப்பிட்டார். "அக்கா, அக்கா, எப்படிக்கா கண்டுபிடிச்சீக? அது சரி, ஏன் வெளிப்பக்கமா வச்சீக?"

"பட்டாசு ரூம்ல அப்படித்தான் தம்பி. எல்லாக் கதவும் வெளிய தொறக்கும்."

"அதுதானே நல்லது? ஓடுறதுக்குச் சுளுவா இருக்குமே."

"வெளிய ஒண்ணும் அடுக்காம இருந்தா நல்லதுதான்" என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஒன்பது வருஷமாக அங்கேதான் நிறுத்தி வந்திருக்கிறேன். ஆனால் ஹஸ்னா சொன்ன "நான்தான்" என் காதிலேயே நின்றது.

"எங்க வீட்டுக்காரர் இருந்த ரூம்ல பின்கதவு வெளிய தொறக்கும். அதுக்கு வெளிய அட்டக் கட்டு அடுக்கியிருந்துச்சு. அவரால தள்ள முடியல. அது உள்ள தொறக்குற கதவா இருந்திருந்தா இழுத்திருப்பாரு. கட்டு மேல ஏறியாவது வந்திருப்பாரு." நான் நிறுத்தவில்லை. "அடுக்குனது நான்தான் தம்பி. போர்மேன் சொன்னாரு, தப்புன்னு தெரிஞ்சே அடுக்குனேன். பொறவு கேட்டவுகளுக்குத் தெரியாதுன்னுட்டேன்."

பிரஸ்ஸில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.  இருவரும் விதி என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஹஸ்னா அழுதாள். ரியாஸ் தம்பி என்னைப் பார்த்தார், பிறகு என் தலைக்கு மேலாகப் பின்பக்கம் பார்த்தார். ஆள் உயரத்துக்கு நின்ற கட்டுகளைப் பார்த்தார்.

"இத்தன வருசமா அத மறைச்சுத்தான் வச்சிருக்கோம். ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல?"

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். மிஷினை நிறுத்தச் சொன்னார். வேறு ஆளைக் கூப்பிடவில்லை, முதல் கட்டை அவரே தூக்கினார். நான் இரண்டாவதைத் தூக்கினேன். ஹஸ்னா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோய் அடுக்கினோம். தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடந்தது. அவர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியதும் கழன்றது. கதவைத் தள்ளினேன். வெளியே கருவேலஞ்செடியும், சாயங்கால வெயிலும், தூரத்தில் ஒரு மாடும்.

உள்ளே திரும்பி, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். தொடங்கும்போதும் பார்த்திருந்தேன்.

பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. அவ்வளவு கட்டுகளுக்கும் பன்னிரண்டே நிமிஷம். அன்றைக்கு அவர் சிரித்ததற்கும் சத்தம் கேட்டதற்கும் நடுவில் எனக்கு அரை மணி நேரம் இருந்தது.